கல்வித்தந்தை முதலையும் கொம்பையாவின் முழு வாக்கியமும்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது, ஆற்றில் ஒரு முதலை இருந்தது, அந்த முதலை ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்தியது. முதலை எப்படிப் பள்ளிக்கூடம் நடத்தும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். காக்கா பேசும் என்றால் தலையாட்டுகிறீர்கள், நரி வியாபாரம் பார்க்கும் என்றால் தலையாட்டுகிறீர்கள், முதலை பள்ளிக்கூடம் வைத்தது என்றால் மட்டும் புருவத்தைத் தூக்குகிறீர்கள். நாட்டில் யார் யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று நான் வாயைத் திறந்தால் வம்பாகிவிடும். பேசாமல் கதையைக் கேளுங்கள்.

முதலைக்கு வயதாகிவிட்டது. பாய்ந்து கவ்வுகிற வேகம் போய்விட்டது. போதாக்குறைக்குக் காட்டு மிருகங்களும் விவரமாகிவிட்டன. தண்ணீர் குடிக்கக் கூட்டமாக வருவார்கள், ஒருத்தர் குடித்தால் இன்னொருத்தர் காவல் நிற்பார், ஒரு குமிழி கிளம்பினால் போதும், யாராவது ஒரு சத்தம் கொடுப்பார்கள், அத்தனை பேரும் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். முதலை நாள்கணக்கில் பட்டினி கிடந்தது. சிலருக்குப் பட்டினி கிடக்கும்போதுதான் சமூக சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணம் வரும்.

ஒரு நாள் காலையில் ஆற்றங்கரை வேங்கை மரத்தில் ஒரு பலகை தொங்கியது. முதலையார் ஆங்கிலவழி நற்கல்வி நிலையம். காற்றோட்டமான வகுப்பறை. அமைதியான ஆற்றங்கரைச் சூழல். வளாகத்துக்குள் தமிழ் பேச அனுமதி இல்லை.

கடைசி வரியைப் படித்ததும்தான் கூட்டம் அள்ளிக்கொண்டு வந்தது. தமிழ் பேசவே விடமாட்டார்களாம் என்று ஒருவருக்கொருவர் தமிழில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்கள். அன்றோடு காட்டில் முதலை என்ற பேச்சு நின்றுபோனது. கல்வித்தந்தை என்றுதான் சொல்ல வேண்டும். யாராவது பழக்க தோஷத்தில் முதலை என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பீர்கள். மலையடிவாரத்தில் ஒரு புல்வெளி இருந்தது. இடுப்பளவு புல், வற்றாத சுனை, பக்கத்திலேயே உப்பு மண். அங்கே ஜீப்பில் வரும் மனிதர்கள் போட்டோ எடுப்பார்கள், கல்லால் அடிக்க மாட்டார்கள். அந்தப் புல்வெளிக்குள் கால்வைக்க இங்கிலீஷ் சர்டிபிகேட் வேண்டும் என்று காடு முழுக்கப் பேச்சு. அப்படி யார் சொன்னார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் புல்வெளி ஆசை பிடித்து ஆட்டிய ஆட்களில் நம்ம கொம்பையா ஒருத்தன். கொம்பையா ஒரு மிளா மான். பெரிய கொம்பு, பெரிய காது, அதைவிடப் பெரிய பயம். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும், யாரும் தன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தே வளர்ந்த பிராணி. இந்த மாதிரி ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. பிரச்சினையே அதுதான்.

அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதன். வெள்ளைச்சாமி என்று பெயர், காட்டுப்பன்றி. அடுப்புக்கரியைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தால் கரி வெளுப்பாகத் தெரியும், அப்படி ஒரு நிறம். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வெள்ளைச்சாமி என்று வைத்துவிட்டார்கள். வாய் ஓயாது. இரண்டு பேரும் ஜாதியால் வேறு, ஆனால் மச்சான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

ஒரு கோடையில் கொம்பையா இதே ஆற்றில் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி தண்ணீரில் இரண்டு கண்ணைப் பார்த்துவிட்டான். அவனுக்கு இவன் யார் என்றே தெரியாது. தொண்டை கிழிய, "மாப்ள, ஓடு" என்று கத்தினான். அந்த இரண்டு வார்த்தையில் கொம்பையா பிழைத்தான். மேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை ஏன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டாய் என்று கேட்டதற்கு, பெயர் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன் என்றான். அன்று தொடங்கிய உறவு.

பள்ளிக்கூடம் தொடங்கியபோது வெள்ளைச்சாமிக்கு அதில் இம்மியளவும் ஆசையில்லை. கிழங்குக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு மட்டும் எதற்கு என்றான். கொம்பையாதான் விடவில்லை. நீ வராவிட்டால் நானும் போகவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வெள்ளைச்சாமி வந்து சேர்ந்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்தான், முதல் நாளே கொட்டாவி விட்டான்.

பாடம் நடத்தியது மரங்கொத்தி மிஸ். அந்தம்மாவைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. கல்வித்தந்தைக்கும் அவருக்கும் எந்த ரகசிய ஏற்பாடும் கிடையாது. அவருக்கு இலக்கணம் என்றால் உயிர், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தை வேங்கை மரப்பட்டையில் எழுதுவார், அலகால் டொக் டொக் என்று கொத்தி இரண்டாகப் பிளந்து காட்டுவார். ஒரு பாதி சொந்தக் காலில் நிற்கும், தனியாகச் சொன்னாலே விஷயம் முடிந்துவிடும். அது முதன்மை வாக்கியம். இன்னொரு பாதி ‘இஃப்’ என்றோ ‘வென்’ என்றோ ‘பிகாஸ்’ என்றோ ஆரம்பித்து அந்தரத்தில் தொங்கும், முதன்மை வந்து தாங்கினால்தான் அதற்கு வாழ்வு. அது சார்பு வாக்கியம். இரண்டும் சேர்ந்தால் காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி அதுதான், சர்டிபிகேட்டும் அதற்குத்தான்.

‘இஃப் இட் ரெயின்ஸ், த கிரவுண்ட் வில் பி வெட்.’ மழை பெய்தால் தரை நனையும். மிஸ்ஸுக்குப் பிடித்த உதாரணம் இது. ஒரு நாள் இந்த வாக்கியத்தை வகுப்பே பிளந்துகொண்டிருந்தபோது நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கேள்வி, வாக்கியத்தைப் பிரிக்கச் சொன்னதே தவிர மரத்தடிக்குப் போகச் சொல்லவில்லையே. சேற்றில் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே, எது முதன்மை எது சார்பு என்று அடிக்கோடு போட்டார்கள். ஆமை மட்டும் தைரியமாகக் கையைத் தூக்கி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டது. மிஸ் அன்போடு சொன்னார், அர்த்தம் சிலபஸில் இல்லை என்று. அன்றைக்கு எல்லாருமே நூற்றுக்கு நூறு.

கொம்பையா இதில் கெட்டிக்காரனாகிவிட்டான். ‘இஃப்’ கண்ணில் பட்டதும் கோடு, காற்புள்ளி வந்ததும் வெட்டு, மிச்சம் முதன்மை. ராத்திரி பகல் பாராமல் படித்தான். வார்த்தைகளுக்கு அர்த்தம்கூடத் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் கற்றுக்கொண்டான், ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. மிஸ் அவனை லீடர் ஆக்கினார்.

லீடர் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே. பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுவது. இங்கே தமிழில் பேசுகிறவர்கள் பெயரை. அப்படிப் பிடிபட்டவர் கழுத்தில் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கட்டையோடு ஆற்றில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது, மணி அடிக்கும்வரை. கல்வித்தந்தையே வகுத்த தண்டனை அது. அடித்து வளர்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லையாம்.

தண்ணீரில் நின்றவர்களில் அவ்வப்போது ஒருத்தர் வகுப்புக்குத் திரும்பி வரமாட்டார். கேட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பார்கள். ஒரு புள்ளிமான் டி.சி. வாங்கியது. அப்புறம் இரண்டு முயல்கள். போகும்போது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லையே என்று கொம்பையாவுக்கு ஒரு தடவை தோன்றியது. மறுநாள் டெஸ்ட் இருந்ததால் அந்த எண்ணத்தைத் தள்ளி வைத்தான். கல்வித்தந்தை நாளுக்கு நாள் பளபளவென்று ஆகிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் நன்றாகப் படித்தால் நிர்வாகத்துக்கு ஒரு தெளிச்சி வரத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வெள்ளைச்சாமி தமிழ் பேசாத நாளே கிடையாது. ஆனால் கொம்பையா அவன் பெயரை மட்டும் எழுதியதில்லை. அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பான், இல்லையென்றால் கொம்பைச் சொறிவான். அந்த அளவுக்கு ஈரம் இருந்தது அவனிடம். இதையும் நான் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனை மொத்தமாகத் திட்டிவிட்டுப் போய்விடுவீர்கள்.

பரீட்சை நாள் வந்தது. வாய்மொழிப் பரீட்சை. கல்வித்தந்தையே மணல்திட்டில் வந்து படுத்து, அரைக்கண் மூடி, நடுவராக இருந்தார். ஒவ்வொருத்தராக எழுந்து சொந்தமாக ஒரு காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ் சொல்ல வேண்டும். கொம்பையா எழுந்து எழுந்து உட்கார்ந்தான். படித்ததெல்லாம் தலையிலிருந்து வழிந்து போவது போலிருந்தது. பின்வரிசையிலிருந்து வெள்ளைச்சாமி அதைப் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா அவன்.

"பயப்படாத மாப்ள, நீ சொல்லிருவ" என்றான். அவன் ரகசியமாகத்தான் சொன்னான். ஆனால் பன்றி ரகசியம் பேசினால் அக்கரைக்குக் கேட்கும்.

மிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, யார் தமிழில் பேசியது என்று லீடரைக் கேட்டார். கல்வித்தந்தையின் அரைக்கண் முழுக்கண்ணாகத் திறந்தது. அத்தனை தலையும் கொம்பையா பக்கம் திரும்பியது. வானத்தைப் பார்க்க முடியவில்லை. கொம்பைச் சொறிய முடியவில்லை. புல்வெளி ஒரே ஒரு நாள் தூரத்தில் இருந்தது.

"வெள்ளைச்சாமி, மிஸ்" என்றான்.

வெள்ளைச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. அவன்தானே பேசினான், நியாயம்தானே. கழுத்தை நீட்டிக் கட்டையை வாங்கிக்கொண்டான். தண்ணீருக்குப் போகிற வழியில் கொம்பையாவைத் தாண்டும்போது, வாய் பேசக் கூடாது என்பதால், மூக்கால் அவன் விலாவில் லேசாக ஒரு இடி இடித்துவிட்டுப் போனான். கவலைப்படாதே, ஜமாய் என்று அதற்கு அர்த்தம். சர்டிபிகேட் வாங்கியதும் முதல் வேலையாக இவனையும் புல்வெளிக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று கொம்பையா நினைத்துக்கொண்டான். இப்படி ஒரு நினைப்பு இருந்தால் எதையும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

பரீட்சை நடந்தது. முள்ளம்பன்றி சார்பு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு முதன்மை கிடைக்காமல் தொங்கிக்கொண்டு நின்றது, பூஜ்யம். ஆமை ஆரம்பிக்கவே இல்லை. இந்த நேரத்தில் கல்வித்தந்தை, நீங்கள் நடத்துங்கள், நான் ஒரு ரவுண்ட்ஸ் போய்விட்டு வருகிறேன் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கினார். அடுத்தது கொம்பையா என்று மிஸ் கூப்பிட்டார்.

கொம்பையா எழுந்து நின்றான். நின்ற இடத்திலிருந்து ஆறு நன்றாகத் தெரிந்தது. முழங்கால் தண்ணீரில், கட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இவனையே பார்த்தபடி வெள்ளைச்சாமி நின்றான். அவனுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், தண்ணீருக்கு மேல் இரண்டு கண்கள் வந்துகொண்டிருந்தன. புள்ளிமானும் முயல்களும் டி.சி. வாங்கிய விதம் கொம்பையாவுக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

இரண்டு வார்த்தை போதும். மச்சான், ஓடு. அவ்வளவுதான். அது தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அது தமிழ். லீடரே தமிழ் பேசினால் சர்டிபிகேட் போச்சு, கட்டை தன் கழுத்துக்கு வரும், அதே தண்ணீரில் தானும் நிற்க வேண்டும். வெறும் ‘ரன்’ என்று ஒற்றை வார்த்தையில் கத்தினால் என்ன என்று அடுத்து யோசித்தான். ஆனால் கேள்வி காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸ். சார்பு இல்லாமல் சொன்னால் ஐந்து மார்க்கும் அடிபடும். அப்போதுதான் அவனுக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. எச்சரிக்கையையே காம்ப்ளெக்ஸ் சென்டென்ஸாகச் சொல்லிவிட்டால் என்ன. சிநேகிதனும் பிழைப்பான், மார்க்கும் கிடைக்கும். மழை வாக்கியத்தை அச்சாக வைத்துக்கொண்டு, மழையை எடுத்துவிட்டு ஆளை வைத்தான், தரையை எடுத்துவிட்டு முதலையை வைத்தான்.

"இஃப் யூ ஸ்டாண்ட் தேர்" என்று ஆரம்பித்தான். நீ அங்கே நின்றால்.

மிஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். அருமையான ஆரம்பம், ஆனால் இது என்ன வகை என்று கேட்டார். சார்பு வாக்கியம், மிஸ். ஏன் சார்பு. தனியாக நிற்காது, மிஸ். சார்பு முன்னால் வந்தால் அதற்குப் பிறகு என்ன வரும். காற்புள்ளி, மிஸ். காற்புள்ளிக்கு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும். மனசுக்குள் ஒன்று எண்ணும் நேரம், மிஸ். எங்கே, நிறுத்திக் காட்டு, முதலிலிருந்து சொல் என்றார்.

கண்கள் இரண்டும் பாதி தூரம் வந்துவிட்டன.

வெள்ளைச்சாமியைப் பாருங்கள். அந்தப் பாவி மனுஷன், பன்றி என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அவனுக்கு இங்கிலீஷில் ஒரு சொல்லும் புரியாது. தன் மாப்பிள்ளை பயமில்லாமல் எழுந்து நின்று இங்கிலீஷ் பேசுகிறான் என்பது மட்டும் புரிந்தது. வழக்கமாகத் தண்ணீரில் நின்றால் அவன் காலை மாற்றி மாற்றி வைப்பான், உடம்பைச் சிலுப்புவான், தளக் தளக் என்று சத்தம் வரும். இன்றைக்கு மாப்பிள்ளையின் பரீட்சைக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்று அசையாமல் நின்றான். அப்படி அசையாமல் நின்ற ஆளை அந்த ஆற்றில் யாரும் பார்த்ததில்லை.

"இஃப் யூ ஸ்டாண்ட் தேர்," என்று சொல்லி, கொம்பையா மனசுக்குள் ஒன்று எண்ணினான். "த குரோக்கடைல் வில் ஈட் யூ." நீ அங்கே நின்றால், முதலை உன்னைத் தின்றுவிடும். ஒரு பிழை இல்லை. முதன்மை முதன்மையின் இடத்தில் நின்றது, சார்பு சார்பின் இடத்தில் தொங்கியது, காற்புள்ளி கனகச்சிதமாக நடுவில் விழுந்தது.

தண்ணீர் ஒரு தடவை சுழன்று அடங்கியது. மரக்கட்டை மட்டும் மிதந்து கரைக்கு வந்தது.

"ஐந்துக்கு ஐந்து" என்றார் மிஸ். அவர் மார்க் போடுவதற்காக மரப்பட்டைப் பக்கம் திரும்பியிருந்தார், ஆற்றைப் பார்க்கவில்லை. வகுப்பு கைதட்டியது. கொம்பையா அழுதான். நிஜமாகவே அழுதான், மூக்கொழுக அழுதான். முதல் மாணவனாக வந்த சந்தோஷம் என்று மிஸ் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சத்தம் போட்டு அழுதிருப்பான், ஆனால் அழும்போது ஐயோ என்று வந்துவிட்டால் அது தமிழ் என்பதால் வாயை மூடிக்கொண்டே அழுதான்.

கொஞ்ச நேரத்தில் கல்வித்தந்தை ரவுண்ட்ஸ் முடித்துக் கரையேறினார். பல்லிடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது, நாக்கால் துழாவிக்கொண்டே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். "நல்ல வாக்கியம் தம்பி. நானும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். வினைச்சொல்லில் காலத்தை மட்டும் இனிமேல் மாற்றிக்கொள்" என்றார்.

கொம்பையா சர்டிபிகேட்டைக் கொம்பில் மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனான். புல்வெளி இருந்தது. இடுப்பளவு புல்லும் இருந்தது. வாசல் என்று ஒன்று இல்லை. காவல் இல்லை. சர்டிபிகேட் கேட்கிற ஆள் யாருமே இல்லை. பள்ளிக்கூடப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆடுமாடுகளெல்லாம் அங்கே வயிறு முட்ட மேய்ந்துகொண்டிருந்தன. இங்கே வர இங்கிலீஷ் வேண்டாமா என்று ஒரு பசுவைக் கேட்டான். நடந்து வந்தால் போதுமே என்றது பசு. கொம்பையா புல்லில் வாய் வைத்தான், தொண்டைக்குள் இறங்கவில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியது ஒன்றுக்கும் உதவாது என்று ஒப்புக்கொள்ள எந்தப் பட்டதாரிக்கு மனசு வரும். சர்டிபிகேட்டுக்கு மரியாதை இருக்கிற இடம் காட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. திரும்பி வந்து பள்ளிக்கூடத்திலேயே உதவி ஆசிரியராகச் சேர்ந்துவிட்டான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி அவனைத் தேடி வந்தாள். பேச்சி என்று பெயர். வீட்டுக்காரர் பரீட்சைக்குப் போனவர் வரவேயில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு போனார் என்கிறார்கள், எங்கே போனார், எப்போது வருவார், உங்களிடம் சொல்லாமல் போகிற ஆளில்லையே அண்ணே என்று கேட்டாள். ஒற்றையடிப் பாதையில் வழி மறித்து நின்றுகொண்டு கேட்டாள். கொம்பையாவால் நகர முடியவில்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை, நான்தான் சொன்னேனே, அவன் கெட்டவன் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டான்.

"வென் ஐ வாஸ் மேக்கிங் எ சென்டென்ஸ், த குரோக்கடைல் ஏட் யுவர் ஹஸ்பண்ட்" என்றான். நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, முதலை உன் புருஷனைத் தின்றுவிட்டது. சொல்லி முடித்ததும் மனசு லேசானது. உள்ளதை உள்ளபடி சொல்லியாயிற்று.

பேச்சி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் வெளங்கல அண்ணே. ஆனா கேக்கக் கேக்க நல்லா இருக்கு. அவரும் இப்ப இப்படித்தான் பேசுவாரா?"

"யெஸ்" என்றான் கொம்பையா.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புருஷன் பெரிய ஆளாகித் திரும்பி வரும்போது தான் பட்டிக்காட்டுத்தனமாக நிற்கக் கூடாது என்று, மறுநாளே பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மழை வாக்கியம் பழசாகிவிட்டதால் மிஸ் அதை எடுத்துவிட்டு, முதல் மாணவன் சொன்ன வாக்கியத்தையே மரப்பட்டையில் கொத்தி வைத்திருந்தார். தினமும் காலையில் அத்தனை பேரும் ஆற்றைப் பார்த்து வரிசையாக நின்று அதை ஒரே குரலில் சொல்ல வேண்டும். இஃப் யூ ஸ்டாண்ட் தேர், த குரோக்கடைல் வில் ஈட் யூ. கல்வித்தந்தை மணல்திட்டில் படுத்துக் கண்ணை மூடி அதைக் கேட்பார். அவருக்கு அது பள்ளிக் கீதம் மாதிரி. காற்புள்ளியில் யாராவது நிறுத்தாமல் ஓடினால் கொம்பையா திருத்துவான்.

ஒரு காலையில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பேச்சி எழுந்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம். பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்கத்தானே வேண்டும், கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.

புது லீடர், ஒரு காட்டாடு, அதற்குள் பலகையில் அவள் பெயரை எழுதிவிட்டது. மணல்திட்டில் அரைக்கண் முழுக்கண்ணானது. கொம்பையா பேச்சியைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். இந்தத் தடவை பரீட்சை இல்லை. மார்க் இல்லை. ஓடு தாயி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அதுவும் தொண்டைக்கு வந்துவிட்டது. சொன்னால் வேலை போகும். போனால் இந்த சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு எங்கே போவான்.

"நாட் இன் சிலபஸ்" என்றான்.

பேச்சி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டி, புருஷன் கழுத்தில் கிடந்த அதே கட்டையை வாங்கிக்கொண்டு, ஆற்றுக்கு நடந்தாள். பின்னால் வகுப்பு காலை வாக்கியத்தை ஆரம்பித்திருந்தது. அவளும் பாடத்தை விட்டுவிடக் கூடாது என்று கூடவே சொல்லிக்கொண்டு போனாள். இஃப் யூ ஸ்டாண்ட் தேர் என்று சொல்லித் தண்ணீரில் கால்வைத்தாள். காற்புள்ளிக்குச் சரியாக நிறுத்தினாள். கொம்பையா அதைக் கவனித்து, சபாஷ் என்று தலையசைத்தான்.

நீதி: உண்மையை ஒருநாளும் மறைக்கக் கூடாது. கேட்பவருக்குப் புரியாத மொழியில், பிழையில்லாத முழு வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். ஆள் போனாலும் மனசாட்சி சுத்தமாக இருக்கும், மார்க்கும் கிடைக்கும்.